பைக் ஸ்ப்ளிட்டை எவ்வளவு நம்பலாம்? 12 மீட்டர் இடைவெளிக்குள் நடப்பது என்ன?

அயர்ன்மேன் என்பது நீச்சல், சைக்கிள், மாரத்தான் ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் நெடுந்தூர டிரையத்லான். அதில் சைக்கிள் பகுதிக்கு மட்டும் ஆகும் நேரம்தான் பைக் ஸ்ப்ளிட். முன்னால் போகிறவரை ஒட்டி ஓட்டாமல் 12 மீட்டர் விட வேண்டும் என்பது அங்கே விதி. கேள்வி இதுதான்: "முதல் முழு அயர்ன்மேனில் 180 கிலோமீட்டர் சைக்கிளை 5 மணி 21 நிமிடத்தில் முடித்தேன். சராசரி 157 வாட். பயிற்சியில் எனக்குச் சமமாக ஓட்டும் நண்பர் அதே பந்தயத்தில் 4 மணி 58 நிமிடம். அவருடைய சராசரி வாட்டும் ஏறக்குறைய அதேதான் என்கிறார். யார் பின்னாலாவது ஒட்டிக்கொண்டு வந்திருப்பாரா? 12 மீட்டர் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் முன்னால் போகிறவரால் பயன் உண்டா?"

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: உண்டு. விதிக்கு உட்பட்ட இடைவெளியிலும் காற்று முழுவதுமாக உங்கள் மேல் வந்து மோதுவதில்லை. முதல் கேள்விக்கு அப்படி ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. 23 நிமிட வித்தியாசத்தை வைத்து ஒருவர் மேல் பழி போட முடியாது, அவர் சுத்தம் என்று சான்றிதழ் கொடுக்கவும் முடியாது. ஏன் என்று புரிய, கொஞ்சம் கணக்கு பார்த்தாக வேண்டும். நான் இந்த நெடுந்தூரப் பந்தயங்களில் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். சில பந்தயங்களில் நடுவராக மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் உட்கார்ந்து, கையில் ஸ்டாப்வாட்ச்சோடு 180 கிலோமீட்டரும் போயிருக்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததைச் சேர்த்தே எழுதுகிறேன்.

சமதளத்தில் சைக்கிள் ஓட்டும்போது நீங்கள் மிதிக்கும் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போகிறது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதை வெல்லத் தேவையான வாட்டோ வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ஆளும் சைக்கிளும் சேர்த்து 82 கிலோ. உடம்பின் முன்பக்கப் பரப்பையும் வடிவத்தையும் சேர்த்துச் சொல்லும் எண்ணை சிடிஏ என்பார்கள், அது 0.25 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையை ஊன்றிக் கையை முன்னால் நீட்டும் கைப்பிடியான ஏரோ பாரில் ஓரளவு நன்றாகப் படுத்து ஓட்டும் அமெச்சூருக்கு இது நியாயமான எண். டயரின் உருளும் தடை 0.004, செயினில் 3 சதவீதம் இழப்பு, காற்றே வீசாத நாள். இவர் மணிக்கு 33.6 கிலோமீட்டர் போக 157 வாட் வேண்டும், அதாவது உங்கள் 5:21. மணிக்கு 36 போக 188 வாட். மணிக்கு 40 போக 249 வாட். 36-லிருந்து 40-க்கு வேகம் ஏறுவது 11 சதவீதம்தான், ஆனால் வாட் ஏறுவது 32 சதவீதம்.

இப்போது அதே 157 வாட்டை வைத்துக்கொண்டு காற்றுத்தடையை மட்டும் குறைத்துப் பார்ப்போம். 5 சதவீதம் குறைந்தால் 180 கிலோமீட்டரில் ஏறக்குறைய 5 நிமிடம் மிச்சம். 10 சதவீதம் குறைந்தால் 10 நிமிடத்துக்குச் சற்று மேல். 30 சதவீதம் குறைந்தால் 33 நிமிடம், அதாவது 4:48-க்கு வந்து சேர்ந்துவிடலாம். முன்னால் இருப்பவரின் பின் சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் இந்த 30 சதவீதம் சாதாரணமாகவே கிடைக்கும். கூட்டத்தின் நடுவில் இருந்தால் இன்னும் அதிகம். 2018-ல் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தின் பெர்ட் ப்ளாக்கனும் குழுவினரும் 121 பேர் கொண்ட சைக்கிள் கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் இருப்பவர் மேல் விழும் தடை, தனியாக ஓட்டுபவரின் தடையில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே என்று கண்டார்கள். குறைவது 5 முதல் 10 சதவீதம் அல்ல, மிஞ்சுவதே அவ்வளவுதான். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

காற்றை மற்றவர் தாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஜூனில் ஜெர்மனியின் லவுசிட்ஸ்ரிங் பந்தயத் தடத்தில் நடந்த முயற்சியைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆண்கள் முழு தூரத்தை 7 மணி நேரத்துக்குள் முடிக்க முடியுமா என்று பார்க்கவே அது நடத்தப்பட்டது. ஒவ்வொருவருக்கும் முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் துணை ஓட்டுநர்கள் உண்டு, ஒட்டி ஓட்டத் தடை இல்லை. கிறிஸ்டியன் ப்ளூமென்ஃபெல்ட் மொத்தத்தையும் 6:44:25-ல் முடித்தார். ஜோ ஸ்கிப்பர் சைக்கிளை மட்டும் 3:16:42-ல் முடித்தார், சராசரி மணிக்கு 55 கிலோமீட்டர். அதோடு கோனாவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹவாயில் நடக்கும் உலகச் சாம்பியன்ஷிப்பில் சாம் லெய்ட்லோ 2022-ல் 4:04:36 எடுத்தார், 2024-ல் 3:57:22-ல் முடித்து அங்கே முதன்முதலாக நான்கு மணி நேரத்துக்குள் வந்தார். தடம் வேறு, வெயிலும் காற்றும் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் அந்த 40 நிமிடத்தின் பெரும்பங்கு, முன்னால் போனவர்கள் தாங்கிய காற்று.

சரி, விதிக்கு வருவோம். ஒலிம்பிக் போன்ற குறுந்தூரப் பந்தயங்களின் உயர்நிலைப் பிரிவில் 1995 முதல் ஒட்டி ஓட்ட அனுமதி உண்டு. அங்கே சைக்கிள் வேறு, உத்தி வேறு. அது தனி விளையாட்டு, அதை இங்கே விட்டுவிடுகிறேன். நெடுந்தூரத்தில் சைக்கிள் பகுதி தனிமனிதச் சோதனை. அயர்ன்மேன் விதிப்படி, அமெச்சூர்கள் வயதுவாரியாகப் போட்டியிடும் ஏஜ் குரூப் பிரிவில் உங்கள் முன் சக்கரத்தின் முன்விளிம்புக்கும் முன்னால் போகிறவரின் முன் சக்கரத்தின் முன்விளிம்புக்கும் நடுவே 12 மீட்டர் இருக்க வேண்டும். அந்த மண்டலத்துக்குள் நுழைந்தால் 25 நொடிக்குள் முந்திவிட வேண்டும். முந்தப்பட்டவர் பின்வாங்கி மண்டலத்தை விட்டு வெளியேறிய பிறகுதான் மறுபடி முந்த முயலலாம். மீறினால் நீல அட்டை, பெனால்டி டென்ட் என்ற கூடாரத்தில் 5 நிமிடம் நிற்க வேண்டும்.

இந்த 12 மீட்டர் பலர் நினைப்பதைவிடச் சின்னது. முன் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை அளப்பதால், முன்னால் இருப்பவரின் சைக்கிள் நீளம் 1.7 மீட்டர் போக, உண்மையில் நடுவே கிடைக்கும் வெற்றிடம் 10 மீட்டர் சொச்சம். மனித உடம்பு கிழித்துக்கொண்டு போன காற்று 10 மீட்டருக்குள் அமைதியாகிவிடாது. அதனால்தான் 12 மீட்டரில் நேர்மையாக ஓட்டுபவருக்கும் சில சதவீதம் காற்றுத்தடை குறைகிறது. எவ்வளவு என்பது முன்னால் எத்தனை பேர் வரிசையாகப் போகிறார்கள், அவர்கள் எவ்வளவு பெரிய உருவம், காற்று நேராக வருகிறதா பக்கவாட்டில் வருகிறதா என்பதைப் பொறுத்தது. எதிர்க்காற்றில் வரிசையில் ஐந்தாவதாக இருப்பவருக்கு நல்ல லாபம். பக்கக்காற்று பலமாக இருந்தால் முன்னவரின் காற்று நிழல் சாலை ஓரத்துக்குச் சாய்ந்துவிடும், பின்னால் இருப்பவருக்கு ஏதும் கிட்டாது. வரிசையின் தலையில் இருப்பவருக்கோ 12 மீட்டரில் பின்தொடர்பவரால் எந்தப் பயனும் இல்லை. ஒருவர் உங்கள் சக்கரத்தை மிக நெருங்கி ஒட்டிவந்தால் மட்டுமே முன்னவருக்கும் இம்மியளவு உதவி உண்டு.

இதனால்தான் தொழில்முறை வீரர்களின் புரோ பிரிவில் இடைவெளியைக் கூட்டச் சொல்லி வருடக்கணக்காகக் குரல் எழுந்தது. டி100 என்ற டிரையத்லான் தொடரில் புரோக்களுக்கு 20 மீட்டர், ஜெர்மனியில் நடக்கும் சேலஞ்ச் ரோத் பந்தயத்திலும் புரோக்களுக்கு 20 மீட்டர். நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். 12 மீட்டரில் பலம் குறைந்த ஓட்டுநர் பலம் மிக்கவரின் பின்னால் மணிக்கணக்கில் சட்டப்படி தொங்கிக்கொண்டு வரலாம். 20 மீட்டரில் அந்த நூல் அறுந்துவிடுகிறது. முன்னால் போகிறவர் உழைத்து எடுத்த இடைவெளி அவருக்கே சொந்தமாகிறது.

புரோ பந்தயத்தில் இன்னொன்று உண்டு, அது தொலைக்காட்சியில் தெரியாது: படம் பிடிக்கும் மோட்டார் சைக்கிள்கள். ப்ளாக்கனின் குழு இதையும் ஆராய்ந்தது. 30 மீட்டர் முன்னால் போகும் மோட்டார் சைக்கிளே காற்றுத்தடையைச் சுமார் 12 சதவீதம் குறைக்கிறது. மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். முன்னணியில் இருப்பவருக்குக் கேமரா கொடுக்கும் இந்த உதவி, பின்னால் தனியாகத் துரத்திக்கொண்டு வருபவருக்குக் கிடையாது. முதலிடத்தின் பைக் ஸ்ப்ளிட்டைப் பார்த்து வியக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டப்படி முந்துவது எப்படி இருக்கும் என்று ஒருமுறை மெதுவாகப் பார்ப்போம், ஏனென்றால் பெனால்டி வாங்குபவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை, இந்தக் கணக்கு தெரியாதவர்கள். முன்னவர் மணிக்கு 36-ல் போகிறார். நீங்கள் 12 மீட்டரை 25 நொடியில் கடக்க வேண்டும். அதற்கு அவரைவிட மணிக்கு 1.7 கிலோமீட்டர் கூடுதல் வேகம் வேண்டும். தனியாக அந்த வேகம் போக 188 வாட் போதாது, 213 வேண்டும். ஆரம்பத்தில் அவருடைய காற்று நிழல் உங்களை இழுத்துக்கொண்டு போகும், கால் லேசாக இருக்கும், "அடடா, இன்று நன்றாகப் போகிறதே" என்று தோன்றும். அவர் பக்கத்தில் வந்து நிழலை விட்டு வெளியே தலைகாட்டியதும் காற்று நெஞ்சில் அறையும். அங்கேதான் பலர் தயங்குகிறார்கள். பக்கத்தில் போனபடி நாலைந்து நொடி யோசித்துவிட்டு மறுபடி பின்னால் விழுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருந்து பார்க்கும் எனக்கு அது 25 நொடி மீறல். மண்டலத்துக்குள் போன பிறகு "வேண்டாம்" என்று பின்வாங்குவதும் மீறல்தான். முந்தப் போகிறீர்களா என்பதை மண்டலத்துக்கு வெளியே இருக்கும்போதே முடிவு செய்யுங்கள்.

12 மீட்டரைக் கண்ணால் அளக்க முடியாது, குறிப்பாக நாலு மணி நேரம் வெயிலில் ஓட்டிய கண்ணால். நேரத்தால் அளக்கலாம். மணிக்கு 36 என்றால் நொடிக்கு 10 மீட்டர். சாலையில் ஒரு கறையோ கோடோ பார்த்துக்கொள்ளுங்கள். முன்னவரின் முன் சக்கரம் அதைத் தாண்டி 1.2 நொடி கழித்துத்தான் உங்கள் சக்கரம் தாண்ட வேண்டும். மணிக்கு 30 என்றால் 1.44 நொடி. மேட்டில் மணிக்கு 15 என்றால் ஏறக்குறைய 2.9 நொடி. இந்த மேடுதான் வம்பு. சமதளத்தில் சரியாக 1.2 நொடி விட்டு வந்துகொண்டிருக்கிறீர்கள். முன்னவர் மேட்டில் ஏறி மணிக்கு 12-க்கு இறங்கிவிட்டார். நீங்களும் அதே இடத்தில் அதே வேகத்துக்கு இறங்கினால், அந்த 1.2 நொடி இப்போது 4 மீட்டர்தான். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, இடைவெளி தானாகச் சுருங்கிவிட்டது. அனுபவசாலிகள் மேடு வருவதற்கு முன்பே ஒரு மூச்சு பெடல் போடாமல் விட்டு, இடத்தைக் கூட்டிக்கொள்வார்கள். உணவு, தண்ணீர் கொடுக்கும் இடங்களிலும் கூர்மையான திருப்பங்களிலும் விதி கொஞ்சம் தளர்வு தருகிறது, மேட்டுக்கு அப்படி இல்லை.

அப்புறம் கூட்டம். ஒட்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தனிமனித ஒழுக்கத்தையே பேசுகிறார்கள். சாலையின் கொள்ளளவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நொடிக்கு 10 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 600 மீட்டர். ஆளுக்கு 12 மீட்டர் கொடுத்தால், ஒரு சாலையில் ஒரு புள்ளியை ஒரு நிமிடத்தில் 50 பேர்தான் சட்டப்படி கடக்க முடியும், அதுவும் எல்லோரும் ஒரே வேகத்தில், யாரும் யாரையும் முந்தாமல். நீச்சலிலிருந்து பெருங்கூட்டம் வெளியேறும் நேரத்தில் நிமிடத்துக்கு 40 பேர் சைக்கிளில் ஏறினால், ஆளுக்குச் சராசரி 15 மீட்டர்தான் இடம். அங்கே முந்துகிறவர்களும் இருக்கிறார்கள், முந்தப்பட்டுப் பின்வாங்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். ஐந்து பேர் வரிசையாக உங்களை முந்தினால் ஐந்து முறை பின்வாங்க வேண்டும். நேர்மையானவர் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறார், மற்றவர் அந்த ஓட்டையில் நுழைகிறார். இதற்கு ஓட்டுநரை மட்டும் திட்டிப் பயனில்லை. பல பந்தயங்கள் மொத்தமாக ஒரே நேரத்தில் நீரில் இறக்குவதை விட்டுவிட்டு, சில நொடிக்குச் சிலராக இறக்கும் ரோலிங் ஸ்டார்ட்டுக்கு மாறியிருக்கின்றன. பாதுகாப்புக்காகச் செய்ததுதான், ஆனால் சைக்கிளில் நெரிசல் குறைந்தது அதன் நல்ல பக்கவிளைவு. 20 மீட்டர் விதியை ஏஜ் குரூப்புக்கும் கொண்டுவரச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 20 மீட்டரில் நிமிடத்துக்கு 30 பேர்தான் கடக்க முடியும். ஆள் எண்ணிக்கையைக் குறைக்காமல் இடைவெளியை மட்டும் கூட்டினால் விதி காகிதத்தில்தான் இருக்கும்.

பெண்கள் பந்தயத்தில் இது இன்னும் வலிக்கும். வேகமான ஏஜ் குரூப் ஆண்கள் பின்னாலிருந்து வந்து புரோ பெண்களோடு கலந்துவிடுவார்கள். ஒருவருக்கு வரிசையின் நிழல் கிடைக்கும், இன்னொருவருக்குத் தடையாகிவிடும். பதக்கம் அங்கே குலுக்கல் சீட்டாகிவிடுகிறது. 2023-ல் கோனாவில் பெண்கள் மட்டுமே ஓட்டியபோது, லூசி சார்ல்ஸ்-பார்க்லி ஆரம்பம் முதலே முன்னணியில் இருந்து 8:24:31-ல் வென்றார். பெண்களின் பந்தயம் முழுவதும் பெண்களின் பந்தயமாகவே நடந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இனி உங்கள் நண்பர் விஷயம். மேலே போட்ட மாதிரிக் கணக்கில், 157 வாட்டில் 4:58 வர வேண்டுமானால் காற்றுத்தடை உங்களைவிட 21 அல்லது 22 சதவீதம் குறைவாக இருந்திருக்க வேண்டும். குற்றமாக நடந்தால் எப்படி: 180-ல் 126 கிலோமீட்டரைக் கூட்டத்தில் 30 சதவீத நிழலில் ஓட்டி, மீதி 54-ஐத் தனியாக ஓட்டினால் சரியாக 4:58 வரும். குற்றமில்லாமல் நடந்தால் எப்படி: ஏரோ பாரில் அவர் படுத்து ஓட்டும் நிலை உங்களுடையதைவிட 10 சதவீதம் சுத்தமாக இருக்கலாம், அது 10 நிமிடம். தலையைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி, முழங்கைகளை ஒடுக்குவதிலேயே அவ்வளவு வித்தியாசம் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே மாதிரி படுத்திருப்பதாகத்தான் தெரியும். டயர் இன்னொன்று. உருளும் தடை 0.005 உள்ள டயருக்கும் 0.0035 உள்ள டயருக்கும் இந்த வேகத்தில் 11 வாட் வித்தியாசம், 180 கிலோமீட்டரில் 9 நிமிடத்துக்கு மேல். பலரும் சக்கரத்துக்குக் காசைக் கொட்டிவிட்டு அதில் போடும் டயரையும் ட்யூபையும் யோசிப்பதில்லை. இதோடு 12 மீட்டரில் சட்டப்படி கிடைத்த சில நிமிடம், தண்ணீர் வாங்க நிற்காமல் போனது, பவர் மீட்டர்களுக்கு இடையே உள்ள சில வாட் வித்தியாசம். எல்லாம் சேர்ந்தால் 23 நிமிடம் எளிதாக நிரம்பிவிடும். இரண்டு கதைகளும் ஒரே எண்ணைத்தான் தருகின்றன.

முடிவுப் பட்டியலில் பத்துப் பேர் சில நொடிக்குள் அடுத்தடுத்து வந்திருப்பதைக் காட்டி "பாருங்கள், கூட்டமாக வந்திருக்கிறார்கள்" என்று சொல்வார்கள். மணிக்கு 36-ல் சட்டப்படி 12 மீட்டர் விட்டு வரும் பத்துப் பேர் நேரத்தைப் பதிவு செய்யும் டைமிங் மேட் என்ற விரிப்பைக் கடக்க எடுக்கும் நேரம் 11 நொடிதான். அதனால் அது சாட்சி ஆகாது. தொலைவிலிருந்து டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்த படமும் சாட்சி ஆகாது. அந்த லென்ஸ் 12 மீட்டரைக் கைக்கெட்டும் தூரமாகச் சுருக்கிக் காட்டும். பக்கவாட்டில் எடுத்த படம் என்றால் பேசலாம்.

உண்மையில் பேசுவது சைக்கிள் கம்ப்யூட்டரில் பதிவான ஃபைல்தான். நண்பர் மனமுவந்து காட்டினால் பாருங்கள், கேட்டு வற்புறுத்த வேண்டாம். தனியாகவோ சட்டப்படியோ ஓட்டியவரின் வாட் கோடு சமதளத்தில் ஏறக்குறைய தட்டையாக இருக்கும். மேட்டில் கொஞ்சம் ஏறும், இறக்கத்தில் இறங்கும். கூட்டத்தில் ஓட்டியவரின் கோடு மரம் அறுக்கும் ரம்பம் மாதிரி இருக்கும். சமதளத்தில் மணிக்கு 38 போய்க்கொண்டிருப்பார், வாட் 110. திடீரென்று 300-க்குத் தாவும், ஏனென்றால் முன்னால் இடைவெளி விழுந்து ஓடிப்பிடிக்கிறார். பிறகு பூஜ்யம், ஏனென்றால் முன்னவர் மேல் மோதாமல் இருக்கப் பெடலை நிறுத்துகிறார். ஒரே சாலையில் போய்த் திரும்பும் நேரான பகுதி இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு திசையிலும் வேகத்தையும் வாட்டையும் எடுத்து, அந்த நேரத்தின் சிடிஏவைக் கணக்கிடலாம். முதல் 60 கிலோமீட்டரில் 0.18, கூட்டம் கலைந்த பிறகு 0.25 என்று வந்தால், ஒருவருடைய உடம்பு மூன்று மணி நேரத்தில் அவ்வளவு மாறாது என்பது உங்களுக்கே புரியும்.

மோட்டார் சைக்கிளில் போனபோது பார்த்த ஒரு காட்சி மனதை விட்டுப் போகவில்லை. ஒரு நீண்ட சமதளம், முப்பது பேருக்கு மேல் கூட்டமாகப் போகிறார்கள். எங்கள் இஞ்சின் சத்தம் கேட்டதும் பின்வரிசையில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. அடுத்த பத்து நொடியில் கூட்டம் பாசிமணி மாலை அறுந்ததுபோலச் சிதறியது. அந்தக் கூட்டத்துக்கு ஐம்பது மீட்டர் பின்னால் ஒருவர் தனியாக வந்துகொண்டிருந்தார். கூட்டம் அவரை முந்தியிருக்கிறது, அவர் விதிப்படி பின்வாங்கியிருக்கிறார், பின்வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் பக்கத்தில் போனபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை; தலையைத் தாழ்த்தி அதே சீரான மிதி. முன்னால் போய் மூன்று பேருக்கு நீல அட்டை காட்ட முடிந்தது. முப்பது பேருக்குக் காட்ட ஒரு நடுவரால் முடியாது. தனியாக வந்த அந்த மனிதருக்குப் பட்டியலில் விழுந்த எண், கூட்டத்தில் வந்தவர்களைவிடப் பத்துப் பதினைந்து நிமிடமாவது அதிகமாக இருந்திருக்கும். அவருடைய எண்ணைத்தான் நான் மதிக்கிறேன்.

நடுவர் கண்ணை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான் நியூசிலாந்தில் ரேஸ்ரேஞ்சர் என்ற கருவியை உருவாக்கினார்கள். சைக்கிளின் முன்னும் பின்னும் பொருத்தும் சிறு பெட்டிகள். ஒன்றுக்கொன்று தூரத்தை அளந்து, நெருங்கும்போது விளக்கின் நிறத்தை மாற்றிப் பின்னால் வருபவருக்குக் காட்டும். 2023 ஜனவரியில் டவ்ரங்காவில் முதன்முதலாகப் பந்தயத்தில் பயன்பட்டது, பிறகு பல புரோ பந்தயங்களுக்கு வந்தது. தண்டனை கொடுப்பதைவிட, ஓட்டுபவருக்கு அந்த நொடியிலேயே தன் இடைவெளி தெரிவதுதான் இதன் பெரிய பலன் என்பது என் கருத்து. பெரும்பாலானோர் தெரிந்தால் சரிசெய்துகொள்வார்கள். ஆயிரக்கணக்கான ஏஜ் குரூப் சைக்கிள்களுக்கும் இது வரும் நாளை எதிர்பார்க்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காற்று நிழலில் மிச்சமாகும் சக்தி பைக் ஸ்ப்ளிட்டில் மட்டும் தெரிவதில்லை, ஓட்டத்தில்தான் அதிகம் தெரியும். 1999-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், குறுந்தூர டிரையத்லானில் சைக்கிளை மற்றவர் பின்னால் ஒட்டி ஓட்டியவர்கள், அதே வேகத்தில் தனியாக ஓட்டிய நாளைவிட அடுத்து வந்த ஓட்டத்தில் சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடினார்கள். அதனால் ஒருவர் ஒட்டி ஓட்டி உங்களுக்குச் சமமான பைக் ஸ்ப்ளிட் எடுத்திருந்தால், மாரத்தானில் அவர் ஏற்கெனவே உங்களுக்கு முன்னால் இருக்கிறார். மறுபுறம், தனியாக மிதித்து அபாரமான பைக் ஸ்ப்ளிட் எடுத்தவருக்கும் ஓட்டத்தில் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும். 2024-ல் அந்த 3:57:22 எடுத்த லெய்ட்லோ மாரத்தானில் பின்தங்கிப்போனார். சைக்கிளில் அவருக்குப் பின்னால் இறங்கிய பாட்ரிக் லாங்கே 2:37:34-ல் மாரத்தான் ஓடி 7:35:53 என்ற தட சாதனையோடு வென்றார்.

உங்கள் 5:21-க்கு வருகிறேன். முதல் முழு தூரம், 157 வாட், சீராக ஓட்டியிருந்தால் அது நல்ல நேரம். அடுத்த முறை பந்தயத்துக்கு மூன்று மாதம் முன்பே, காற்று குறைந்த ஒரு காலையில், போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் 5 கிலோமீட்டர் போய் 5 கிலோமீட்டர் திரும்பி வாருங்கள், ஒரே வாட்டில். ஒருமுறை இப்போது படுத்து ஓட்டும் அதே நிலையில், ஒருமுறை தலையைத் தாழ்த்தி, ஒருமுறை டயரை மாற்றி. உங்கள் 23 நிமிடத்தில் எவ்வளவு உங்கள் கையிலேயே இருக்கிறது என்பது அந்த ஒரு காலையில் தெரிந்துவிடும். நண்பரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அவரும் அதே சாலையில் தனியாக ஓட்டட்டும். அதே வாட்டில் அவர் அங்கேயும் உங்களைவிட மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேகமாகப் போனால், அவருடைய ஏரோ பார் உயரத்தையும் டயர் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.